தை மாதத்து டோக்கன்

அன்றைக்கு என் மடிக்கணினியில் நாற்பத்தேழு டேப் திறந்திருந்தன. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் திரையின் உச்சியில் சின்னதாக ஒரு தலைப்புப் பட்டை முளைக்கிறதே, அதைத்தான் டேப் என்கிறார்கள். மற்றவர்கள் வேலை முடிந்ததும் மூடிவிடுவார்கள். நான் மூடுவதில்லை. மூடினால் அந்தப் பக்கம் எங்கே போகிறது, மறுபடி தேவைப்பட்டால் எந்த வழியில் போய்த் தேடுவது என்ற பயம் எனக்கு.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவன் நான். வரும் வண்டியையும் போகும் வண்டியையும் எண்ணுவதுதான் வேலை. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு வண்டி கிளம்பிப் போயிருக்கும். போனதைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. ஓய்வு பெற்ற பிறகு திருச்சியில் இருக்கும் மகள் தன்னுடைய பழைய மடிக்கணினியை என்னிடம் கொடுத்தாள். கொடுத்தபோது ஒரு வசதியைக் காட்டினாள். பிரவுசரை மூடிவிட்டு மறுநாள் திறந்தால், முந்தின நாள் திறந்திருந்த பக்கங்கள் எல்லாம் அதே வரிசையில் தாமாக வந்து நிற்கும். அமைப்புகளுக்குள் போய் 'விட்ட இடத்திலிருந்து தொடரவும்' என்ற வரிக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தால் போதும். கணினி நடுவில் நின்றுபோனாலும் பயமில்லை. 'பக்கங்களை மீட்டெடுக்கவா?' என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். ஆமாம் என்று அழுத்தினால் எல்லாம் திரும்பிவிடும்.

அந்தப் புள்ளியை வைத்த நாளில் எனக்கு உண்டான நிம்மதியை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் முதல் வேலை டேப்புகளை எண்ணுவதுதான். இரவு எத்தனை விட்டேனோ அத்தனையும் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். சர்க்கரை அளவு பற்றி ஒன்று. நாவல்கொட்டைப் பொடி சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று ஒன்று. கல்லணையில் தண்ணீர் திறப்பு. திருச்சி வானிலை. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கொலை வழக்குச் செய்தி. தீர்ப்பு என்ன ஆயிற்று என்று நான் இன்னும் காத்திருக்கிறேன். நடந்து முடிந்துவிட்ட ஒரு கல்யாணத்துக்காகப் பார்த்த காரைக்குடி ரயில் நேரம்.

"இந்த மனுசன் செத்துப்போயி மறுபடி ஸ்டார்ட் பண்ணினாக்கூட விட்ட எடத்துலேருந்து பொலம்ப ஆரம்பிச்சிருவாரு" என்று என் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வாள். அந்தப் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத்தான் நான் ஒரு கெடுதல் செய்தேன்.

அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் மஸ்கட்டில். பிறந்த ஊர் கறம்பக்குடிக்குத் தெற்கே. வாழ வந்தது எங்கள் ஊர், குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கம். அவளிடம் ஒரு காளை இருந்தது. அந்தக் காளை அவள் பிறந்த வீட்டுத் தொழுவத்தில் பிறந்தது. கன்றாக இருந்தபோது அவளுடைய அண்ணன், "இதுக்குத் திமிலும் இல்ல, திமிரும் இல்ல, கறிக்குத்தான் ஆகும்" என்று வியாபாரியிடம் விலை பேசிவிட்டார். இவள் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டு, கன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் நாலு பேர் பார்க்க அண்ணனை ஏதோ சொல்லியும் விட்டாள். அதோடு ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நல்லது கெட்டது எதற்கும் அழைப்பு இல்லை.

காளை வளர்ந்தது. அதற்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்கும் சத்தமும், அதை அவள் திட்டும் சத்தமும் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். "திங்கிறது மட்டும் நாலு மாட்டுத் தீனி, பாய்ச்சலைக் காட்டச் சொன்னா பாத்துக்கிட்டு நிக்குது பாரு, எங்க அண்ணன் சொன்ன மாதிரியே" என்பாள். பிறகு அதன் நெற்றியைத் தடவிக் கொடுப்பாள்.

இப்போதெல்லாம் ஜல்லிக்கட்டில் மாட்டை அவிழ்க்க வேண்டுமானால் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளர் படம், மாட்டின் படம், கால்நடை மருத்துவர் சான்று எல்லாம் ஏற்ற வேண்டும். ஏற்றுக்கொண்டால் டோக்கன் வரும். ஒவ்வொரு ஊர் ஜல்லிக்கட்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். இந்தத் தை மாதம் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றுக்கு அவளுக்காக நான்தான் பதிந்தேன். பதிவு தொடங்கிய முதல் நிமிடத்திலேயே உள்ளே நுழைந்துவிட்டேன். நேரம் என் தொழில். டோக்கன் ஒரு பக்கமாகத் திறந்தது. மேலே ஊரும் தேதியும், நடுவில் மாட்டின் படம், அவள் பெயர், நீளமான ஓர் எண், கீழே பச்சை எழுத்தில் 'ஏற்கப்பட்டது'. அச்செடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தையும் நான் மூடவில்லை.

மாடு அன்றைக்கு நன்றாக ஓடியது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வேட்டியும் கிடைத்தன. யாரோ செல்போனில் எடுத்த படம் சுற்றிச் சுற்றி அவளுடைய பிறந்த ஊர் வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் சாயங்காலம் அவள் வேகமாக எங்கள் வீட்டுக்குள் வந்தாள்.

"டைம்கீப்பர் சார், எங்க அண்ணன் சொல்லி விட்டுருக்காரு. மாசியில எங்க ஊர் ஜல்லிக்கட்டு. அந்தக் கன்னைக் கொண்டாந்து இங்கிட்டு அவுக்கச் சொல்லு, நான் வேட்டி மாலையோட நிக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

அவர்கள் ஊரில் அது ஒரு வழக்கம். அந்த ஊரில் பிறந்த பெண்ணின் காளை வாடிவாசலுக்கு வந்தால், உள்ளே போவதற்கு முன் பிறந்த வீட்டார் அதன் கழுத்தில் மாலை போட்டு, கொம்பில் வேட்டி கட்டி அனுப்ப வேண்டும். பிறகு அந்தப் பெண் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பிறகு அண்ணன் நீட்டிய கை அது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உடனே சிரித்தாள். "கறிக்குத்தான் ஆகும்னாருல்ல. வந்து பாக்கட்டும்."

"பதிவை நான் பாத்துக்கிறேன்மா. நீ மாட்டைப் பாத்துக்க" என்றேன்.

பதிவு நாள் காலையில் பத்து மணிக்குத் திறக்கும் என்றார்கள். ஒன்பது மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். டேப் நாற்பத்தாறு, பதிவுப் பக்கத்தோடு நாற்பத்தேழு. பத்து அடித்ததும் எல்லாவற்றையும் நிரப்பி, படங்களை ஏற்றி, சமர்ப்பிக்கவும் என்ற பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த வட்டமும் நின்றது. திரையில் அம்புக்குறி நகரவில்லை. விசிறி மட்டும் உள்ளே ரைஸ்மில் மாதிரி இரைந்தது. இத்தனை டேப்பைச் சுமந்தால் பழைய கணினி என்ன செய்யும் என்று மகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இருநூறு வரை எண்ணினேன். அசையவில்லை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

'பக்கங்களை மீட்டெடுக்கவா?' என்று பெட்டி கேட்டது. அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குத் தெய்வமே கேட்கிற மாதிரி இருந்தது. ஆமாம் என்று அழுத்தினேன். ஒவ்வொன்றாக வந்து நின்றன. எண்ணினேன். நாற்பத்தேழு. ஒன்றும் குறையவில்லை.

இடது பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். சர்க்கரை, நாவல்கொட்டை, கல்லணை, கொலை வழக்கு. பாதிக்கு மேல் தாண்டியதும் ஒரு பக்கத்தில் மாட்டின் படம். அவள் பெயர். பச்சை எழுத்தில் 'ஏற்கப்பட்டது'.

அது தை மாதத்து டோக்கன். இரண்டு தடவையும் ஒரே படத்தைத்தான் ஏற்றினேன் என்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேலே ஊர் பெயரும் தேதியும் கொட்டை எழுத்தில் இருந்தன. நான் அங்கே பார்க்கவில்லை. டோக்கன் எண்ணில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று விரல் வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினேன். பன்னிரண்டு. எட்டு டேப் தள்ளி, மாசிப் பதிவுக்கான பக்கம் ஒன்றும் நிரப்பாமல் வெறுமையாகத் திறந்து கிடந்தது. அதுவரைக்கும் நான் போகவே இல்லை. வேண்டியது கிடைத்துவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

வாசலுக்குப் போய், "முடிஞ்சிருச்சும்மா!" என்று கத்தினேன்.

கடைவீதியில் அச்செடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். அவளும் பத்தாவது படித்தவள்தான். பிரித்துப் பார்க்கவில்லை. "நீங்க பாத்துக் குடுத்த பேப்பரை நான் திருப்பி உத்துப் பாத்தா அது ஒங்களுக்கு மரியாதையா சார்?" என்று பிற்பாடு ஒரு நாள் கேட்டாள். இதை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியிருக்க வேண்டும். போன தடவை பதிந்ததும் அவளுடைய போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. இந்தத் தடவை வரவில்லை. மூன்றாம் நாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மெசேஜ் ஒண்ணும் வரலீங்களே சார்?"

"கூட்டம் அதிகம்மா. லேட்டாத்தான் வரும். கையில பேப்பர் இருக்கு, மெசேஜ் எதுக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"இல்ல சார், சும்மாத்தான் கேட்டேன்" என்று போய்விட்டாள். "எதுக்கும் ஒரு தடவ பாருங்களேன்" என்றாள் என் மனைவி. பால் பொங்குமோ, பூட்டைப் பூட்டினோமோ, கேஸைத் திருகினோமோ என்று ஒரு நாளில் முப்பது தடவை கவலைப்படுகிறவன் நான். அன்றைக்கு எனக்குக் கவலை வரவில்லை. நாற்பத்தேழும் திரும்பி வந்ததில் அவ்வளவு கர்வம்.

ஜல்லிக்கட்டு அன்று விடிவதற்குள் கிளம்பினோம். அவளுடைய கொழுந்தன் டாட்டா ஏஸ் ஓட்டினார். பின்னால் காளை நின்றது. கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் புது மணி கட்டியிருந்தாள். என்னையும் வரச்சொல்லி மூன்று நாளாகக் கெஞ்சினாள். "நீங்க இல்லாட்டி இது இல்ல சார். எங்க அண்ணன் ஒங்களையும் பாக்கட்டும்." முன் இருக்கையில் என்னை உட்கார வைத்துவிட்டு, அவள் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தாள். வழியில் மாடு ஏற்றிய வண்டி எத்தனை எங்களைத் தாண்டிப் போகிறது என்று எண்ணிக்கொண்டே போனேன். பத்தொன்பது.

ஊர் எல்லையில் மூங்கில் கட்டி வரிசை விட்டிருந்தார்கள். முதலில் கால்நடை மருத்துவர்கள் பார்த்தார்கள். எங்கள் மாட்டின் கண்ணையும் வாயையும் காலையும் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார் ஒருவர். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்தது டோக்கன் மேசை. மேசையில் இருந்த இளைஞர் தாளை வாங்கி, எண்ணுக்கு நேரே போனைக் காட்டினார். திரும்பவும் காட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேட்டி சட்டை போட்ட வயசாளி நான்தான் என்பதால் இருக்கும்.

"அய்யா, இது தையில முடிஞ்ச ஜல்லிக்கட்டுக்கு உள்ள டோக்கன்."

"இல்ல தம்பி. நல்லாப் பாருங்க. எண் சரியா பன்னெண்டு இலக்கம் இருக்கு."

"எண் சரிதாங்கய்யா. மேல ஊரு என்ன போட்டுருக்கு, நீங்களே படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். வாயால் ஒருமுறை படித்தேன். காதில் விழுந்தது என் குரலே இல்லை போல இருந்தது.

பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். "ஏ, நகத்துங்கப்பா, எங்க மாடு கயித்த அறுக்குது." அவள் என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் திருப்பி வரிசையை விட்டு வெளியே நடந்தாள். கொழுந்தன் என் பக்கத்தில் வந்து, "என்ன சார் இது?" என்றார். நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

ஒரு புளியமரத்தடியில் மாட்டைக் கட்டுவதற்குள் அவளுடைய அண்ணன் வந்துவிட்டார். கனத்த உடம்பு, நரைத்த மீசை. கையில் மஞ்சள் பை. பையிலிருந்து மாலை எட்டிப் பார்த்தது. கூட நாலைந்து பேர், உறவுக்காரர்கள். அவர் தங்கையைப் பார்க்காமல் நேராக மாட்டைப் பார்த்தார். சுற்றி வந்தார். திமிலைத் தட்டினார்.

"இந்தக் கன்னா இது?"

"அதே கன்னுதான்."

"சரி. என்ன இங்கிட்டுக் கட்டிப்போட்டுருக்க? வாடிக்கு ஏத்தலையா?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டாக்டரு நிறுத்திட்டாருண்ணே. முன்னங்கால்ல லேசா வீக்கமாம். வண்டியில வரையில இடிச்சிருச்சு போல."

"அடப் பாவமே." அண்ணன் குனிந்து காலைப் பார்த்தார். வீக்கம் எங்கே தெரியப்போகிறது. ஆனாலும் தடவிக்கொடுத்தார். "எந்தக் காலு, இதா? மஞ்சப்பத்துப் போட்டா நாலு நாள்ல வடிஞ்சிரும்." பக்கத்தில் நின்ற ஒருவர், "வாடிக்குப் போகலைன்னா வேட்டி கட்டலாமா மச்சான்?" என்று இழுத்தார். "ஏன் கட்டக்கூடாது? அம்பது மைலு நின்னுக்கிட்டு வந்துருக்குடா. வந்ததே போதும்" என்று அண்ணன் மஞ்சள் பைக்குள் கையை விட்டார். வேட்டியின் கரை வெளியே வந்துவிட்டது. அவள் கண்ணிமைக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பேசினேன்.

ஏன் பேசினேன் என்று இன்று வரைக்கும் கேட்டுக்கொள்கிறேன். மாட்டுக்கு இல்லாத வீக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. தாமதமாக வந்த டிரைவர்கள் பஞ்சர், ரயில்வே கேட் என்று என்ன சொன்னாலும் ஒப்புக்கொள்ளாமல், நடந்ததைச் சொல் என்று நிற்க வைத்தே பழகியவன். அந்தப் பழக்கமும் இருக்கலாம். எப்படிச் சொன்னாலும் அடியில் இருந்தது ஒன்றுதான். என் பாரம் இறங்க வேண்டும் என்று நினைத்தேன்.

"கால்ல ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "தப்பு என்னுது. கம்ப்யூட்டரு நின்னுபோயி, மறுபடி போட்டப்ப பழைய பக்கமெல்லாம் திரும்ப வந்துருச்சு. அதுல தை மாசத்து டோக்கனைப் புதுசுன்னு நினைச்சு எடுத்துக் குடுத்துட்டேன். இந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. முழுக்க என் தப்பு."

சொல்லி முடித்தபோது உண்மையாகவே நெஞ்சு லேசானது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

உறவுக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "தை மாசத்து டோக்கனோட மாசியில வந்துருக்காகளா? போன வருசத்துப் பஸ் டிக்கெட்டோட பஸ் ஏறுற மாதிரியில்ல இருக்கு." மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மாட்டின் காலை விட்டுவிட்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"டோக்கன் இல்லேன்னா இல்லேன்னு சொல்றதுக்கு என்ன? டாக்டரு நிறுத்திட்டாரு, வீங்கியிருக்குன்னு என்னையக் குனிஞ்சு பாக்க வைக்கிற?"

"அண்ணே, அது..."

"அன்னைக்கும் இப்படித்தான், நாலு பேருக்கு முன்னாடி. இன்னைக்கும் நாலு பேருக்கு முன்னாடி." வேட்டியைப் பைக்குள் தள்ளினார். "ஒனக்கு என்னையக் கோமாளி ஆக்காம இருக்க முடியாதா?"

"அவங்க மேல கோபப்படாதீங்க, நான்தான்..." என்று நான் மறுபடி ஆரம்பித்தேன்.

"நீங்க பெரியவுக. ஒங்களை ஒண்ணும் சொல்லல" என்று எனக்குக் கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடுக்குப் பதிலாக ஓர் அறை வாங்கியிருக்கலாம். மாலை எட்டிப் பார்த்த பையோடு கூட்டத்துக்குள் போய்விட்டார். அவருடைய முதுகு தெரிகிற வரைக்கும் அவள் பார்த்தாள். உள்ளே வாடியில் யாருடைய மாட்டுக்கோ மைக்கில் பெயர் சொன்னார்கள். விசில் சத்தம் கேட்டது. எங்கள் மாடு காதை விறைத்து அந்தப் பக்கம் திரும்பி நின்றது.

மாட்டை வண்டியில் ஏற்றினார்கள். நான் கயிறு பிடிக்கப் போனேன். "வேணாம் சார், நீங்க உக்காருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை.

"ஏம்மா, என்னை மன்னிச்சிரு. பொய் சொல்லி ஒரு சீரை வாங்கினா அது நெலைக்காதுன்னுதான்..."

"சார்." கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "டோக்கன் தப்பாப் போச்சு, அது யாருக்கும் நடக்கும். அதுக்கு நான் ஒங்களை ஒரு வார்த்த கேட்டேனா?"

"இல்ல."

"அது பொய்தான். எங்க அண்ணங்கிட்ட நான் சொல்ற பொய். அதுல ஒங்களுக்கு என்ன சார்? வேட்டியக் கையில எடுத்துட்டாருல்ல. ஒரு அஞ்சு நிமிசம் வாய வச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

கொழுந்தன் வண்டியின் மறுபக்கம் போய் டயரைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார். நான் தலை குனிந்தேன். தவறான தாளைக் கொடுத்தது கவனக்குறைவு. கவனக்குறைவுக்காக ஒருவன் வெட்கப்பட்டால் அது ஒரு வாரத்தில் ஆறிவிடும். அண்ணனும் தங்கையும் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஓர் அடி தூரத்தில் நின்றபோது நடுவில் போய் நின்று, என் நேர்மையை நாலு பேருக்குக் காட்டிக்கொண்டேனே, அது ஆறவில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ஆலங்குடி தாண்டியதும் கொழுந்தன் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாட்டுக்கு ஒரு வாளி தண்ணீர் வாங்கி வைத்தார். அவள் இறங்கிவந்து பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தாள். நான் மறுமுனையில். டீக்காரர் வர்ணக் கொம்பைப் பார்த்ததும் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஆத்தா, எந்த ஊரு வாடிக்குப் போயிட்டு வாரீங்க? மாடு புடிபட்டுச்சா?"

"எவனும் தொடல" என்றாள் அவள்.

"பாத்தாலே தெரியுது. என்ன பரிசு குடுத்தாக?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அத்தனை பொய்யைக் கேட்டவனுக்கு, சொந்தமாக ஒன்று சொல்லத் தெரியவில்லை.

"அண்டா" என்றேன்.

"அண்டாவா? வண்டியில காணமே?"

அவளையே பார்த்தேன். அவள் டீயை ஊதினாள்.

"எங்க அண்ணன் வீட்டுல வச்சிட்டு வாரோம்" என்றாள். "வெயில்ல அதையும் எங்க தூக்கிக்கிட்டு அலையிறது. அடுத்த தடவ போறப்ப எடுத்துக்கிறது."

"பொறந்த ஊரா? அப்ப சோறு போடாம விட்டுருக்க மாட்டாகளே."

"கறிச்சோறு" என்றாள். "எந்திரிக்கவே விடல."

விடிவதற்கு முன் கிளம்பியது முதல் எங்களில் யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. டீக்காரர் சிரித்துக்கொண்டே வடைத் தட்டை எங்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தார். அவள் வயிற்றைத் தடவிக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். வடை சூடாக இருந்தது. நானும் கையை ஆட்டினேன்.